எண்ணினார்களா, நிறுத்தார்களா: பண்டைச் சீனப் பண வரலாற்றை ஆராய வருபவருக்கு

பண்டைச் சீனத்தின் பணத்தை ஆராய வருபவர்களில் ஒரு பாதி காசு சேகரிப்பிலிருந்து வருகிறது, மறு பாதி செம்மொழிச் சீனம் படித்துவிட்டு வருகிறது. முதல் சாராருக்குக் காசைப் பார்த்ததும் காலம் சொல்லத் தெரியும், சட்ட வாசகம் படிக்க வராது. இரண்டாம் சாரார் ஹான் வரலாற்றை வரி பிசகாமல் படிப்பார்கள், ஆனால் ஒரு காசைத் தராசில் வைத்திருக்க மாட்டார்கள். ஆய்வேடு முடிவதற்குள் இரண்டும் கைவர வேண்டும். கீழே உள்ளவை அதற்கான வழிமுறைகள். கி.மு. 4ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரையிலான சின், ஹான் அரச மரபுகளின் காலத்தை மனத்தில் வைத்து எழுதியது.

முதலில் மொழி

அகழாய்வு அறிக்கைகள் எல்லாம் தற்காலச் சீனத்தில் இருக்கின்றன. மூல நூல்களும் மூங்கில் சுவடிகளும் செம்மொழிச் சீனத்தில். இந்த இரண்டையும் ஒரே மொழி என்று நினைத்துத் திட்டமிட்டால் இரண்டு வருடம் வீணாகும். சீன மொழித் திறன் தேர்வான எச்எஸ்கேயில் உயர்நிலை தேறியவரும் ஹான் மரபின் வரலாற்று நூலான ஹான்ஷுவின் ஒரு பக்கத்தில் திணறுவார். தற்காலச் சீனத்துக்கு இரண்டு வருடம், அதன் இரண்டாம் வருடத்திலேயே தொடங்கிச் செம்மொழிக்கு இரண்டு வருடம் என்று ஒதுக்குங்கள். அதற்குப் பிறகு ஜப்பானியம்: படிக்கும் அளவுக்குப் போதும், பேச வேண்டாம். ஹான் காலப் பொருளியல் பற்றி ஜப்பானியர் எழுதியதைத் தாண்டிப் போக முடியாது.

எளிமையாக்கிய எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு வருவது பலர் செய்யும் தவறு. மூல நூல் பதிப்புகளும் தைவான் வெளியீடுகளும் மரபு எழுத்தில்தான் வரும். மரபெழுத்தை முதலில் கற்றால் எளிய எழுத்துக்கு இறங்குவது சுலபம், ஏறுவது கடினம். இந்தியாவில் தொடங்க சாந்திநிகேதனில் 1937இல் நிறுவப்பட்ட சீன பவனமும், தில்லியில் ஜேஎன்யூ, தில்லிப் பல்கலைக்கழகத் துறைகளும் உள்ளன. மொழிப் பயிற்சிக்காக மட்டும் தைவான் அரசு தரும் ஹுவாயு உதவித்தொகை உண்டு. சீன அரசின் உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம்.

செம்மொழிப் பயிற்சிக்கு ஹான்ஷுவின் 24ஆம் அத்தியாயத்தை எடுங்கள். பான் கு எழுதிய அந்த 'உணவும் செல்வமும்' அத்தியாயம் இரண்டு பகுதி: முதல் பகுதி தானியம், இரண்டாம் பகுதி பணம். நாளைக்குப் பத்து வரி போதும். 7ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் யான் ஷிகுவின் குறிப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். இணையத்தில் முழுப் பாடமும் கிடைக்கும், தேடுவதற்கு அது நல்லது. மேற்கோள் காட்டும்போது மட்டும் ஜோங்ஹுவா ஷுஜு பதிப்பகத்தின் நிறுத்தற்குறியிட்ட பதிப்பைத் திறந்து சரிபார்த்துப் பக்க எண் கொடுங்கள்.

கேள்வியைச் சின்னதாக வெட்டுதல்

'ஹான் காலத்தில் பணமும் சமூகமும்' என்பது ஆய்வுத் தலைப்பு அல்ல, நூலக அலமாரியின் பெயர். நல்ல கேள்விக்கு மூன்று வகைச் சான்றுகளும் பதில் சொல்ல வேண்டும்: அரசவை வரலாறு, மூங்கில் சுவடி, மண்ணிலிருந்து வந்த காசு.

எடுத்துக்காட்டாக, ஹூபெய் மாநிலம் ஜாங்ஜியாஷான் 247ஆம் கல்லறைச் சுவடிகளில் கி.மு. 186ஐ ஒட்டிய காசுச் சட்டம் இருக்கிறது. காசின் விட்டம் ஒரு ச்சுன்னில் (பழைய நீள அளவு) பத்தில் எட்டாவது இருக்க வேண்டும்; தேய்ந்திருந்தாலும் எழுத்துத் தெரிந்தால், உடைந்திராவிட்டால், ஈயக் காசாக இல்லாவிட்டால் வாங்கியே ஆக வேண்டும்; மறுப்பவருக்கு நான்கு லியாங் (எடை அளவு) பொன் அபராதம்; கள்ளத்தனமாகக் காசு வார்த்தவருக்கும் துணைபோனவருக்கும் சந்தையில் மரண தண்டனை. ஹான் ச்சுன் 2.31 செ.மீ., எனவே வரம்பு ஏறத்தாழ 1.85 செ.மீ. இனிக் கேள்வி தானாக வரும்: அதே வட்டாரத்தில், அதற்கு முன்னும் பின்னும் இருபது இருபது வருடக் கல்லறைகளில் கிடைத்த காசுகளில் எத்தனை இந்த வரம்பைத் தாண்டுகின்றன? இப்படி ஒரு கேள்வி ஒரு கட்டுரைக்குப் போதும். இதுபோல் நான்கு இருந்தால் ஆய்வேடு.

சட்டத்தில் எடை பற்றிப் பேச்சே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? விட்டத்தை அளந்தார்கள், எடையை விட்டுவிட்டார்கள். அதாவது காசு எண்ணுவதற்கு, நிறுப்பதற்கு அல்ல. ஆனால் ஃபெங்ஹுவாங்ஷான் 168ஆம் கல்லறையில், கி.மு. 167இல், ஒரு தராசுக் கோல் புதைக்கப்பட்டிருந்தது. காசை இதில்தான் நிறுக்க வேண்டும், நிறுக்காதவருக்குப் பத்து நாள் கட்டாய வேலை என்று அதன்மேலேயே எழுதியிருக்கிறது. இருபது வருடத்துக்குள் தலைகீழ் மாற்றம். இடையில் நடந்தது இது: கி.மு. 175இல் வென் பேரரசர் தனியாரும் காசு வார்க்கலாம் என்று அனுமதித்தார். ஊருக்கு ஊர் காசு வேறுபட்டது. லேசான காசு புழங்கும் ஊரில் நூற்றுக்கு இத்தனை கூடுதல் என்று சேர்த்துக் கொடுக்கிறார்கள் என அரசவை அறிஞர் ஜியா யி குறைபட்டது ஹான்ஷுவில் இருக்கிறது. எண்ணினார்களா, நிறுத்தார்களா என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிச் சான்றுகள் தாமாக வரிசையில் நிற்கும்.

சுவடியில் உள்ள தொகைகளை வகுத்துப் பார்ப்பது

சுவடி படிப்பவர்கள் தொகையைக் கண்டதும் 'எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு' என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் வேலை அதுவல்ல. தொகை எந்த அளவையில் பிறந்தது என்று பாருங்கள்.

1975ஆம் ஆண்டு இறுதியில் ஹூபெய் மாநிலம் யுன்மெங்கின் ஷுயிஹூதியில் 11ஆம் கல்லறை தோண்டப்பட்டது. கி.மு. 217 வாக்கில் இறந்த ஷி என்ற சின் அதிகாரியுடன் 1,150க்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள் கிடந்தன. அவற்றில் நாணயச் சட்டம் உண்டு. நல்ல காசு, மட்டக் காசு எல்லாவற்றையும் கலந்தே புழங்க வேண்டும், பொறுக்கி எடுக்கக் கூடாது. ஆயிரம் காசு ஒரு கூடையில் போட்டு முத்திரையிட வேண்டும். துணியும் பணம்தான்: நீளம் எட்டு ச்சி (ஒரு ச்சி பத்து ச்சுன்), அகலம் இரண்டரை ச்சி, நம் கணக்கில் ஏறத்தாழ 185க்கு 58 செ.மீ. அளவு குறைந்த துணி செல்லாது. அப்படி ஒரு துணிக்குப் பதினொரு காசு.

இப்போது அதே கல்லறையின் திருட்டு வழக்குச் சட்டத்துக்குப் போங்கள். தண்டனை ஏறும் படிகள் 110, 220, 660 காசு. ஏன் 100, 200, 600 இல்லை? பதினொன்றால் வகுங்கள்: 10, 20, 60 துணி. சட்டம் முதலில் துணியில் எழுதப்பட்டது, பிறகுதான் காசுக்கு மாற்றப்பட்டது. சின் நாட்டில் காசு முதன்முதலாகப் புழக்கத்துக்கு வந்தது கி.மு. 336இல் என்று சிமா சியானின் வரலாற்று நூலான ஷிஜி சொல்வதோடு இது பொருந்துகிறது.

இதே முறையை அபராதங்களில் போட்டால் வேறு விடை வரும். சின் சட்டத்தில் அபராதம் கவசக் கணக்கு: ஒரு கவசம், ஒரு கேடயம். கவசம் 1,344 காசு, கேடயம் 384 காசு. இரண்டும் பதினொன்றால் வகுபடாது. ஆனால் ஒரு லியாங் பொன் 576 காசு என்று வைத்துப் பாருங்கள்: கவசம் இரண்டும் மூன்றில் ஒன்றும் லியாங், கேடயம் மூன்றில் இரண்டு லியாங், மிச்சமே இல்லை. ஒரே சட்டத் தொகுப்புக்குள் துணியில் பிறந்த தொகையும் பொன்னில் பிறந்த தொகையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

இந்தக் கவச விலை ஹூனான் பல்கலைக்கழகத்தின் யுவேலு கழகம் 2007இல் வாங்கிய சுவடிகளிலிருந்து வருகிறது. அவை ஹாங்காங் பழம்பொருள் சந்தையில் வந்தவை, எங்கே தோண்டியவை என்று தெரியாது. இப்படிப்பட்ட எண்ணை முறையாக அகழ்ந்த சான்றோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும். ஹூனான் மாநிலம் லியேவில் 2002இல் ஒரு பழைய கிணற்றிலிருந்து 36,000க்கும் மேற்பட்ட சின் கால ஆவணப் பட்டைகள் வந்தன. அதில் யாங்லிங் ஊர்க்காரர் ஒருவருடைய அபராத பாக்கி 8,064 காசு. 1,344ஆல் வகுத்தால் சரியாக ஆறு கவசம். இனி அந்த எண்ணைத் தயங்காமல் எழுதலாம்.

சமூக வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. பணமில்லாதவர் அரசுக்கு உழைத்துக் கழிக்கலாம். ஒரு நாளுக்கு எட்டுக் காசு, அரசு சாப்பாடு போட்டால் ஆறு காசு. அந்த யாங்லிங்காரர் சொந்தச் சாப்பாட்டில் 1,008 நாள், அரசுச் சாப்பாட்டில் 1,344 நாள் உழைக்க வேண்டியிருக்கும். கவசமும் கேடயமும் எட்டாலும் ஆறாலும் மிச்சமின்றி வகுபடுகின்றன என்பதைப் பார்த்து, 'சட்டம் இயற்றியவர்கள் திட்டமிட்டே வைத்தார்கள்' என்று கோட்டை கட்டிவிடாதீர்கள். 576 என்ற எண்ணே அப்படி, பல எண்களால் வகுபடும். ஒரு கணக்கு அழகாக வரும்போதுதான் கூடுதல் சந்தேகம் வேண்டும்.

காசைக் கையில் எடுக்கும்போது

அருங்காட்சியகத்துக்கு எழுதும் கடிதத்தில் 'உங்கள் சீனக் காசுகளைப் பார்க்க வேண்டும்' என்று கேட்டால் பதில் வராது. பதிவு எண், எத்தனை காசு, என்ன அளவுகள், எத்தனை நாள் என்று கேளுங்கள். ஒரு நாளில் ஒருவர் படம் எடுத்து அளந்து முடிப்பது நாற்பது ஐம்பது காசுதான்.

0.01 கிராம் காட்டும் தராசு, பிளாஸ்டிக் காலிப்பர், நைட்ரைல் கையுறை, பக்கவாட்டில் வைக்கும் ஒரு சின்ன விளக்கு, அளவுகோல் பட்டை. இரும்புக் காலிப்பர் கீறிவிடும். வியர்வையில் உள்ள குளோரைடு வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடியைக் கிளப்பும். அது தொடங்கினால் நிற்காது. உங்கள் சொந்தப் பயிற்சிக் காசுகளையும் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள்.

விட்டத்தை இரண்டு திசையில், நடுத்துளையை இரண்டு திசையில், விளிம்புத் தடிப்பை நான்கு இடத்தில் அளக்க வேண்டும். சீனக் காசு அடித்தது அல்ல, வார்த்தது. அதனால் ஒரே அச்சில் வந்தவையும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வார்ப்பு வாய் (உலோகம் அச்சுக்குள் பாய்ந்த வழி) ஒடிந்த இடம் விளிம்பில் தெரியும், அதைச் சேதம் என்று குறித்துவிடாதீர்கள். விளிம்பு உடைந்த காசை எடைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, எழுத்துக் கணக்கில் சேர்க்கலாம். எனவே நிலை என்ற ஒரு தனிக் கட்டம் பட்டியலில் கட்டாயம்: முழுசு, உடைந்தது, வெட்டியது. கிழக்கு ஹான் காலத்தில் (கி.பி. 25க்குப் பிந்திய ஹான்) ஒரு காசின் நடுவை வெட்டி எடுத்து இரண்டாக்கினார்கள். உள்வட்டம் ஒரு காசு, வெளி வளையம் இன்னொரு காசு.

எடைக்கு இந்த வாய்பாடு போதும்: 1 ஜின் = 16 லியாங், 1 லியாங் = 24 ஜூ. ஹான் ஜின் ஏறத்தாழ 250 கிராம், ஆகவே ஒரு ஜூ 0.65 கிராம். 'பான்லியாங்', அதாவது அரை லியாங், என்று பொறித்த காசு 7.8 கிராம் இருக்க வேண்டும். கிடைப்பவையோ ஒரு கிராமுக்கும் குறைவான இலைக் காசிலிருந்து பத்து கிராமைத் தாண்டியவை வரை. கி.மு. 186இல் வெளியிட்டது எட்டு ஜூக் காசு, 175இல் நான்கு ஜூக் காசு. பொறித்ததோ அதே 'அரை லியாங்'. பொறிப்பைப் படித்து எடையை எழுதிவிட்ட கட்டுரைகள் அச்சில் வந்திருக்கின்றன. கி.மு. 118இல் வந்த ஐந்து ஜூக் காசான வூஜூவில்தான் பெயரும் எடையும், 3.25 கிராம் என்று, நிலையாக ஒன்றுபட்டன. 113இல் வார்ப்பு முழுவதும் தலைநகரின் ஷாங்லின் பூங்கா அலுவலகங்களுக்குப் போன பிறகு தரம் ஒரே சீரானது. அந்தக் காசு சின்னச் சின்ன இடைவெளிகளோடு கி.பி. 621 வரை வாழ்ந்தது.

வூஜூவின் காலத்தைக் கணிக்க எழுத்தைப் பாருங்கள். 'ஐந்து' என்ற எழுத்தில் குறுக்காக வெட்டும் இரு கோடுகள் முந்தியவற்றில் நேராக, பிந்தியவற்றில் வளைந்து வரும். 'ஜூ' எழுத்தின் வலப்பாதியின் தலை மேற்கு ஹானில் சதுரமாக மடியும், கிழக்கு ஹானில் உருண்டு வரும். முன்பக்கத் துளையைச் சுற்றிப் புடைத்த விளிம்பு இருந்தால் அது மேற்கு ஹான் வூஜூவாக இருக்க வாய்ப்பு குறைவு. இவை எதுவும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. இரண்டு அடையாளமாவது ஒத்துப்போக வேண்டும்.

எடைகளைச் சராசரி போடாதீர்கள். 0.2 கிராம் படிகளில் பட்டை வரைபடம் போட்டு இடைநிலை எடுங்கள். ஒரே கூரிய முகடு என்றால் வார்ப்பில் கட்டுப்பாடு இருந்திருக்கிறது. இரண்டு முகடு என்றால் இரண்டு வெளியீடுகள் கலந்திருக்கின்றன, எழுத்து வகைப்படி பிரித்து மறுபடி போடுங்கள். இடப்பக்கம் நீண்ட வால் என்றால் வெட்டலோ தேய்மானமோ. உலோகக் கலவைக்கு, எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியைப் பிடித்துக் கிடைத்த எண்ணை அப்படியே எழுதுவதும் தவறு. அது மேற்பரப்பை மட்டும் பார்க்கும், துருவில் செம்பு குறைந்து வெள்ளீயம் கூடிக் காட்டும். சுத்தமான வெட்டுமுகம் கிடைக்காவிட்டால் 'மேற்பரப்பு அளவு' என்று எழுதி விடுங்கள்.

ஆண்டும் பெரிய எண்ணும்

கி.மு. 104 வரை ஹான் ஆண்டு பத்தாம் மாதத்தில் தொடங்கியது. ஆகவே 'யுவான்ஷோ (ஓர் ஆட்சிக் காலப் பெயர்) ஐந்தாம் ஆண்டு' என்பதை 118 என்று மாற்றுகிறோமே, அதன் முதல் மாதங்கள் நம் கணக்கில் 119இன் கடைசியில் விழும். மாதம் குறிப்பிட்ட செய்தியில் இது ஒரு வருடம் இடறிவிடும். சுழியம் ஆண்டு கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்: கி.மு. 118 முதல் கி.பி. 5 வரை 122 வருடம்.

அந்த 122 வருடத்தில் வார்த்த காசு என்று ஹான்ஷு தரும் தொகையை வழக்கமாக 2,800 கோடி என்று படிக்கிறோம். மூலத்தில் 'பத்துக் கோடி' என்ற அளவைச் சொல்லுக்குப் பின் ஒரு 'பத்தாயிரம்' கூடுதலாக ஒட்டியிருக்கிறது. உங்கள் வாசிப்பை ஓர் அடிக்குறிப்பில் நியாயப்படுத்த வேண்டும். வருடத்துக்கு ஏறத்தாழ 23 கோடி காசு வருகிறது. கி.பி. 2இன் குடிக்கணக்கு 5,95,94,978 பேர். எதுவும் தொலையவில்லை, உருகவில்லை என்று வைத்தாலும் தலைக்கு 470 காசு. பெரியவர் ஒருவரின் வருடத் தலைவரி 120 காசு. காசு வரியாகப் போய்ச் சம்பளமாகத் திரும்பிச் சுற்றியாக வேண்டும் என்பது இந்த ஒரு வகுத்தலில் தெரியும்.

செய்தித்தாள் எண்களுக்கும் இதே சோதனை. நான்சாங் அருகே கி.மு. 59இல் இறந்த ஹைஹுன் பிரபு லியு ஹேவின் கல்லறையில் 20 லட்சம் வூஜூ, 10 டன்னுக்கு மேல் என்று வந்தது. 3.25 கிராமால் பெருக்கினால் ஆறரை டன்தான். மண்ணும் துருவும் ஒட்டிய எடையா, எண்ணிக்கை உத்தேசமா என்று அறிக்கையில் தேடாமல் இரண்டு எண்ணையும் ஒரே வாக்கியத்தில் போடாதீர்கள். தவிர, கல்லறைக் காசு புழக்கத்தின் மாதிரி அல்ல. யாரோ தேர்ந்து வைத்தது.

புதையல் வேறு விதம். அதில் மிகப் பிந்திய காசுதான் புதைத்த காலத்துக்கு முன்னெல்லை, அதற்கு முன் புதைத்திருக்க முடியாது. தஞ்சை வட்டாரத்துச் சீனக் காசுப் புதையல்களில் பெரும்பங்கு சோங் காலத்தவை (கி.பி. 10 முதல் 13ஆம் நூற்றாண்டு). அப்படி ஒரு குவியலுக்குள் பழைய காசு ஒன்று தலைகாட்டினால் அதை வைத்துப் பழைய வணிகம் பேசக் கூடாது, ஏனென்றால் சீனக் காசு நூற்றாண்டுக் கணக்கில் புழங்கும். ஹான் காலத் தொடர்புக்கு ஹான்ஷுவின் நிலவியல் அத்தியாயம் இருக்கிறது: பொன்னும் பட்டும் கொண்டுபோய் முத்தும் கண்ணாடியும் வாங்கிய பயணத்தில் ஹுவாங்ஜி என்ற நாடு வருகிறது, அதைக் காஞ்சிபுரம் என்று பலர் கொள்வர். அங்கே கொண்டுபோனது பொன்னும் பட்டும், செப்புக் காசு அல்ல என்பதைக் கவனியுங்கள்.

வேலை

ஆய்வேட்டுக்கு மொழிப் பயிற்சி நீங்கலாக ஐந்தாறு வருடம். நடுவே ஒரு வருடமாவது சீனத்திலோ தைவானிலோ இருக்க வேண்டும். 1930களில் வடமேற்கு எல்லையிலுள்ள ஜுயானில் எடுத்த சுமார் 10,000 எல்லைக் காவல் பட்டைகள் தைபேயின் அகாதெமியா சினிகாவில் இருக்கின்றன. இந்திய வரலாற்றுத் துறைகளில் பண்டைச் சீனத்துக்கென்று இடம் அரிது. விண்ணப்பிக்கும்போது ஆசிய வரலாறு, பொருளியல் வரலாறு, நாணயவியல் என்று மூன்று பாடத்திட்டங்களைத் தயாராக வைத்திருங்கள். 'பண்டைச் சீனம்' மட்டும் சொல்லத் தெரிந்தவர் நேர்காணலுக்கு முன்பே கழிக்கப்படுகிறார்.

முதல் கட்டுரையை ஆய்வேட்டின் அறிமுகத்திலிருந்து எடுக்காதீர்கள். அளந்த அத்தியாயத்திலிருந்து எடுங்கள். அளவுப் பட்டியலை, கழித்துவிட்ட காசுகளையும் ஏன் கழித்தீர்கள் என்பதையும் சேர்த்து, பின்னிணைப்பாகக் கொடுங்கள். மதிப்பீட்டாளர் முதலில் புரட்டுவது அதைத்தான். சந்தையில் வாங்கிய காசு அதில் ஒன்றுகூட இருக்க வேண்டாம். ஹான் அரியணையைக் கைப்பற்றிய வாங் மாங்கின் பொன் பதித்த கத்திக் காசு போன்றவற்றில் போலி மலிந்து கிடக்கிறது. இத்தனைக்கும் வாங் மாங்கே கி.பி. 9இல் அவற்றை ஒழித்தார்: பழைய அரச குடும்பப் பெயரான லியு என்ற எழுத்துக்குள் 'பொன்'னும் 'கத்தி'யும் ஒளிந்திருந்தன.